ஆடிக் காற்றில் சின்ன விமானம் இறங்கலாமா?

ஜூலை 18, 2025, மாலை. திருமங்கலம் வாசகர் கேட்டது:

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பைலட் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தோம். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம் இறங்குகிறது, பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, ஒரு இறக்கை தரையில் உரசி, மூக்கு குத்தி நிற்கிறது. அவள் அம்மா அன்று இரவு சாப்பிடவே இல்லை. இங்கே ஆடி இப்போதுதான் பிறந்திருக்கிறது, அதற்குள் பக்கத்து வீட்டு மாடித் தகரம் தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு கார் எடைகூட இல்லாத விமானம் இந்தக் காற்றுக்கு எப்படித் தாங்கும்? எடை குறைந்த விமானத்தைப் பக்கக் காற்றில் இறக்கவே கூடாது, இறக்கச் சொல்வது பிள்ளைகள் உயிரோடு விளையாடுவது என்பது என் கருத்து. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 18, இரவு

எடை குறைவு என்பது காரணம் இல்லை. பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172-இன் வெறும் எடை சுமார் 750 கிலோ. ஆள், பெட்ரோல், பை எல்லாம் ஏற்றினாலும் 1,157 கிலோவைத் தாண்டக் கூடாது. இந்த விமானம் 1956-இல் விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து உலகமெங்கும் பக்கக் காற்றில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் இந்த ரக விமானங்களில் பயிற்சி கொடுத்தவன். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் வேலை, இப்போது திருநகரில் குடியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வானத்தில் இருக்கும்வரை சீரான காற்று விமானத்தை அடிப்பதே இல்லை. காற்று நகர்கிறது, விமானம் அதற்குள் இருந்து அதோடு சேர்ந்து நகர்கிறது. உள்ளே இருப்பவருக்குப் பக்கத்திலிருந்து யாரும் தள்ளுவது போலத் தெரியாது. தரையைப் பார்த்தால்தான் ரன்வே ஒரு பக்கமாக ஒதுங்கிப் போவது கண்ணில் படும். வைகையில் தண்ணீர் ஓடிய காலத்தில் நீந்திக் கடந்தவர்களுக்கு இது புரியும். எதிர்க்கரைப் படித்துறைக்குப் போக வேண்டுமானால் அதற்கு மேலே பார்த்துச் சாய்வாக நீந்த வேண்டும். விமானியும் மூக்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு கோணலாகவே ரன்வேயை நோக்கி வருகிறார். கீழிருந்து பார்ப்பவருக்கு விமானம் தடுமாறுகிறது என்று தோன்றும். அது சரியாக வந்துகொண்டிருக்கிறது.

தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. கோணலாகவே இறங்கினால் சக்கரங்கள் ஒரு திசையைப் பார்க்கும், விமானம் வேறு திசையில் போகும், சக்கரத்தைத் தாங்கும் கால் முறியும். அதனால் ரட்டர் என்ற வால் பலகையை இயக்கும் பெடலை மிதித்து மூக்கை ரன்வேக்கு நேராகத் திருப்ப வேண்டும். திருப்பியதும் காற்று விமானத்தை ஓரமாக ஒதுக்கும். அதைத் தடுக்கக் காற்றுப் பக்கத்து இறக்கையைத் தாழ்த்த வேண்டும். முதலில் காற்றுப் பக்கத்துச் சக்கரம் தரையைத் தொடும், அடுத்து மற்றது, கடைசியில் மூக்குச் சக்கரம். ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவதுதான் முறை. நீங்கள் பார்த்த வீடியோவில் பாதி பயம் அந்த ஒற்றைச் சக்கரத்தைப் பார்த்து வந்திருக்கும்.

ஜூலை 19, காலை

"அப்படியானால் வீடியோவில் கவிழ்ந்தது ஏன்?" என்று திருமங்கலத்து ஐயா திரும்பக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கவிழ்ந்தது தொடும் முன்பா, தொட்ட பின்பா? பெரும்பாலும் தொட்ட பின்புதான். சிறிய விமானங்களில் விபத்து எண்ணிக்கை அதிகமாக இருப்பது தரையிறங்கும் கட்டத்தில். உயிர்ச்சேதம் குறைவாக இருப்பதும் அதே கட்டத்தில்தான். இறக்கை நுனி, மூக்குச் சக்கரம், புரொப்பல்லர் ஆகியவைதான் உடைகின்றன. அமெரிக்க விசாரணை அறிக்கைகளைப் படித்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும்: இறங்கி ஓடும்போது விமானி திசைக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டார்.

சக்கரம் தொட்டதும் பயிற்சி மாணவர் மூச்சு விடுகிறார், கை தளர்கிறது. விமானமோ அப்போதும் 45, 50 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) ஓடுகிறது. எடையில் ஒரு பங்கை இறக்கை இன்னும் தூக்கிக்கொண்டிருப்பதால் டயருக்குப் பிடி போதாது. பிரேக் அடித்தால் வழுக்கும். பின்னால் செங்குத்தாக நிற்கும் வால் துடுப்பைக் காற்று தள்ளுவதால் மூக்கு காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும். அந்த நேரம் ஒரு திடீர் வீச்சு வந்தால் காற்றுப் பக்கத்து இறக்கை எழும். இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் பலகைதான் ஏலெரான். கைப்பிடியால் அதைக் காற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தால் இறக்கை எழாது. வேகம் குறையக் குறைய ஏலெரானுக்குப் பலமும் குறையும், அதனால் இன்னும் அதிகமாகத் திருப்ப வேண்டும், கடைசியில் முழுவதுமாகத் திருப்பியபடி நிற்க வேண்டும். மாணவர் செய்வது இதற்கு நேர் எதிர். இறங்கிவிட்டோம் என்று கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவருவார்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சித்திரை வெயில், மதியத்துக்கு மேல். செஸ்னா 152, இரண்டு பேர் உட்காருவது. மாணவர் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நன்றாக ஓட்டும் பையன். இடது பக்கக் காற்று. நான் விமானங்கள் நிற்கும் இடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடது சக்கரம் தொட்டது, வலது தொட்டது, மூக்கு மெதுவாக இறங்கியது. பாடப் புத்தகத்தில் படம் போடலாம், அவ்வளவு அழகு. மூக்கு இறங்கியதும் இடது ஏலெரான் நேராவது எனக்கே தெரிந்தது. கத்தினாலும் கேட்காத தூரம். காற்றைக் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப் பை ஒருமுறை தொய்ந்து மறுபடி விறைத்தது. இடது இறக்கை எழுந்தது, வலது நுனி தாரில் உரசியது, மூக்கு இடப்பக்கம் திரும்பியது. அவர் பிரேக்கை மிதித்தார். விமானம் ரன்வேயை விட்டு மண்ணுக்குள் போய், மூக்குச் சக்கரம் புதைந்து, புரொப்பல்லர் வளைந்து நின்றது.

பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தானே கதவைத் திறந்து இறங்கி வந்தார். நாங்கள் ஓடிப் போனதும் அவர் முதலில் கேட்டது, நான் நன்றாகத்தானே இறக்கினேன் என்று. நன்றாகத்தான் இறக்கினார். தொட்ட பிறகும் விமானத்தை ஓட்ட வேண்டும் என்பது மட்டும் அவர் கைக்குப் பழக்கமாகியிருக்கவில்லை. அந்தப் பள்ளி அதிகாலை அமைதியில் மட்டுமே அவரைப் பறக்கவிட்டிருந்தது. இதைப் பற்றி அப்புறம் எழுத வேண்டும், இப்போதே கோபம் வருகிறது.

ஜூலை 19, மதியம்

வில்லாபுரம் தம்பி கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்: ரன்வே 27 (அதாவது 270 டிகிரி திசை), காற்று 210 டிகிரியிலிருந்து 14 நாட், திடீர் வீச்சு 24. கோண வித்தியாசம் 60 டிகிரி, எனவே பக்கக் காற்று 7 நாட் என்கிறார். தம்பி, 7 என்பது எதிர்க்காற்று. பக்கக் காற்றுக்கு சைன் எடுக்க வேண்டும். 14-க்கு 12 வரும், 24-க்கு ஏறக்குறைய 21 வரும்.

விமானத்துக்குள் கால்குலேட்டர் தட்ட நேரம் இருக்காது. பைலட்டுகள் மனதில் வைத்திருப்பது: 30 டிகிரி வித்தியாசம் என்றால் காற்றில் பாதி, 45 என்றால் முக்கால், 60-ம் அதற்கு மேலும் என்றால் முழுக்காற்றும் பக்கக் காற்று என்றே வைத்துக்கொள். கொஞ்சம் கூட்டிச் சொல்லும் கணக்கு, அதனால் ஆபத்தில்லாத கணக்கு.

செஸ்னா 172-இன் கையேட்டில் நிரூபிக்கப்பட்ட பக்கக் காற்று 15 நாட், மணிக்கு 28 கிலோமீட்டர். 152-க்கு 12. மற்ற பயிற்சி விமானங்களில் பைப்பர் வாரியருக்கு 17. டயமண்ட் 40-க்கு 20. தம்பி சொன்ன உதாரணத்தில் சராசரிக் காற்று 172-க்கு அடங்கும், வீச்சு அடங்காது. அன்று இறங்கலாமா? நான் இறங்க மாட்டேன், மாணவரைத் தனியாக ஒருபோதும் அனுப்ப மாட்டேன்.

ஜூலை 19, இரவு

மதியம் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்காமல் விட்டால் தப்பாகப் புரியும். அந்த 15 நாட் சட்டப்படியான வரம்பு இல்லை. 172 சான்றிதழ் வாங்கிய காலத்து அமெரிக்க விதிப்படி, ஒரு சிறிய விமானம் அதன் ஸ்டால் வேகத்தில் (அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காத வேகம்) குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு அளவு பக்கக் காற்றிலாவது கட்டுக்குள் இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. 172-க்கு பிளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்னால் தாழ்த்தும் பலகை) முழுவதும் இறக்கிய நிலையில் ஸ்டால் வேகம் 48 நாட். ஐந்தில் ஒரு பங்கு பத்துக்கும் கீழே. செஸ்னாக்காரர்கள் 15-இல் செய்து காட்டியதால் 15 என்று எழுதினார்கள். அதற்கு மேல் முடியாது என்று பொருள் இல்லை.

இந்த இடத்தில் சிலருக்குத் துணிச்சல் வந்துவிடும். வரம்பு இல்லை என்றால் 20-இலும் போகலாமே என்பார்கள். நிரூபித்தவர் கம்பெனியின் சோதனை விமானி. பறப்பதே அவர் தொழில். வாரத்துக்கு ஒருமுறை பறப்பவர் அந்த எண்ணைத் தனக்கும் உரியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொருவருக்கும் சொந்த எண் ஒன்று வேண்டும். பறக்காமல் இடைவெளி விட்டால் அந்த எண் குறைய வேண்டும்.

ஜூலை 21

மதுரைக்கு வருவோம். விமான நிலையத்தில் ரன்வே ஒன்றுதான், எண் 09/27, கிட்டத்தட்ட நேர் கிழக்கு மேற்கு. தூத்துக்குடி 10/28. திருச்சியின் பிரதான ரன்வே 09/27. மூன்றும் ஏன் ஒரே வாக்கில் கிடக்கின்றன? ஆடிக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியாக மேற்கை ஒட்டி வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் காற்று கிழக்கையும் வடகிழக்கையும் ஒட்டி வருகிறது. வருஷத்தின் பெரும்பகுதி ரன்வேயின் ஏதாவது ஒரு முனைக்கு எதிர்க்காற்று கிடைத்துவிடும்.

விமான நிலையம் அமைப்பதற்கான சர்வதேசப் பரிந்துரையும் இதையேதான் கேட்கிறது: குறைந்தது 95 சதவீத நேரம் பக்கக் காற்று அளவுக்குள் இருக்கும்படி ரன்வேயின் திசை அமைய வேண்டும். 1,500 மீட்டரும் அதற்கு மேலும் ஓடுபாதை தேவைப்படும் விமானங்களுக்கு அந்த அளவு 20 நாட். 1,200 மீட்டருக்குள் முடித்துக்கொள்ளும் சின்ன விமானங்களுக்கு 10 நாட்.

அதனால் திருமங்கலத்து ஐயா, நீங்கள் பயப்படும் ஆடிக் காற்று மதுரையில் பெரும்பாலும் நேர் எதிரே வரும் காற்று. எதிர்க்காற்று நல்லது, தரை வேகத்தைக் குறைக்கும், விமானம் சீக்கிரம் நிற்கும். என் பயம் வேறு மாதங்களில். சித்திரை வைகாசியிலும் புரட்டாசியிலும் மாலையில் இடி மழை கட்டுகிறதே, அப்போதுதான். சிறுமலைப் பக்கம் கறுத்திருக்கும், இங்கே வெயில் அடிக்கும். திடீரென்று குளிர்ந்த காற்று ஒன்று புழுதியை வாரிக்கொண்டு வரும், மழை அப்புறம்தான் வரும். மேகத்திலிருந்து விழுந்த குளிர் காற்று தரையில் மோதி நாலா பக்கமும் பரவுவதுதான் அது. மழைக்கு இருபது கிலோமீட்டர் முன்னாலும் வந்து நிற்கும். எந்தத் திசை என்று சொல்ல முடியாது. வடக்கிலிருந்து வந்தால் 27-க்கு முழுக்க முழுக்கப் பக்கக் காற்று. சற்று முன்வரை 6 நாட் இருந்த இடத்தில் நிமிஷ நேரத்தில் 25 இருக்கும்.

ஜூலை 21, சற்று நேரம் கழித்து

கண்மாயையும் சொல்ல வேண்டும். காய்ந்த செம்மண் மேல் சூடான காற்று எழும், தண்ணீர் நிற்கும் கண்மாய் மேல் எழாது. மதியத்தில் தாழ்வாக வரும் சின்ன விமானம் பொட்டல் மேல் வரும்போது மிதக்கும், கண்மாய் மேல் வரும்போது சட்டென்று இறங்கும். ரன்வே முனைக்கு முன்னால் தண்ணீர் இருந்தால் எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலில் கை இருக்க வேண்டும். வெளியூர் விமானி இதை வரைபடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, உள்ளூர்க்காரர் சொல்ல வேண்டும்.

ஜூலை 23

ஒருவர் எழுதுகிறார்: "வானிலை அறிக்கையில் வீச்சு என்று போடவில்லை, ஆகையால் காற்று சீராக இருக்கிறது." இப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. விமான நிலைய வானிலை அறிக்கையில் வருவது கடைசிப் பத்து நிமிஷச் சராசரி. அந்தப் பத்து நிமிஷத்தில் சராசரியை விட 10 நாட் அல்லது அதற்கு மேல் அடித்திருந்தால்தான் வீச்சு என்று தனியாக எழுதுவார்கள். சராசரி 12, உச்சம் 20 என்றால் அறிக்கையில் 12 மட்டும் இருக்கும். அந்த எட்டு நாட் வித்தியாசம் 152-இல் இருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

இறங்கும் நேரத்தில் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் சொல்வது இரண்டு நிமிஷச் சராசரி, கொஞ்சம் புதிது. இன்னொன்று, எழுத்து அறிக்கையில் திசை உண்மை வடக்கிலிருந்து, டவர் சொல்வதும் ரன்வே எண்ணும் காந்த வடக்கிலிருந்து. மதுரைப் பக்கம் இரண்டுக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான், கவலை வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் புதியது காற்றுப் பை. கடைசி வளைவில் திரும்பும்போது ஒரு பார்வை, ரன்வே முனையில் இன்னொரு பார்வை. விறைத்தே இருந்தால் பலமான, சீரான காற்று. விறைத்துத் தொய்ந்து, விறைத்துத் தொய்ந்து ஆடினால் அதுதான் ஆளைக் கவிழ்க்கும் காற்று. என் மாணவர்களிடம் முதலில் காற்றைச் சொல்லச் சொல்வேன், அப்புறம்தான் ரேடியோவில் டவரைக் கேட்கவிடுவேன்.

ஜூலை 24

பொன்மேனி அண்ணன் எழுதியதைப் படித்தேன். சில வருஷம் முன்பு அவர் வந்த விமானம் ரன்வே அருகே வந்துவிட்டு மறுபடி மேலே ஏறிச் சுற்றி வந்ததாம், "அந்தப் பைலட்டுக்கு அனுபவம் போதாது" என்கிறார்.

அண்ணே, அந்தப் பைலட்டுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். கோடு விலகிப் போகிறது, அல்லது வேகம் ஏறி இறங்குகிறது, அல்லது மிதந்துகொண்டே தொட வேண்டிய இடம் கடந்துவிட்டது என்றால் எஞ்சினை முழுக்கக் கொடுத்து மேலே போய்விட வேண்டும். கோ-அரவுண்ட் என்பார்கள். அதற்கு எந்தத் தண்டனையும் கிடையாது, யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வற்புறுத்தி இறக்குவதில்தான் ஆபத்து. வேகம் அதிகமாக இருக்கும்போது மூக்கை அழுத்தித் தரையில் வைத்தால் மூக்குச் சக்கரம் முதலில் படும், விமானம் தவ்வும். மறுபடி அழுத்தினால் இன்னும் பலமாகத் தவ்வும். இரண்டு மூன்று தவ்வலில் புரொப்பல்லர் தரையைத் தொடும். முதல் தவ்வலிலேயே மேலே போயிருந்தால் ஒரு சுற்றுக்கான பெட்ரோலோடு முடிந்திருக்கும்.

வேகம் பற்றி ஒரு கணக்கு. சராசரிக்கும் வீச்சுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை இறங்கும் வேகத்தில் கூட்டு என்று சொல்லிக்கொடுப்போம். 14, வீச்சு 24 என்றால் வித்தியாசம் பத்து, பாதி ஐந்து. 65 நாட்டில் வருபவர் 70-இல் வரலாம். பயத்தில் 75-இல் வருபவர்கள் உண்டு. 65-லிருந்து 75 என்றால் வேகம் கொஞ்சம்தான் கூடியது போலத் தெரியும், ஆனால் ஓடித் தீர்க்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்தக் கூடுதல் ஆற்றலோடு தரைக்கு மேலே மிதக்கும் ஒவ்வொரு நொடியும் பக்கக் காற்று அவரைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

ஜூலை 25

இரவு படுக்கும்போது யோசித்தேன், கோ-அரவுண்டை ரொம்ப எளிதாகச் சொல்லிவிட்டேனோ என்று. அதுவும் பழக வேண்டிய வேலை. எஞ்சின் முழுக்கக் கொடுத்ததும் மூக்கு தானே மேலே எழும், இடப்பக்கம் இழுக்கும். முன்னால் தள்ளிப் பிடித்து, வலது ரட்டர் மிதித்து, பிளாப்பை ஒரே மூச்சில் ஏற்றாமல் படிப்படியாக ஏற்ற வேண்டும். இறங்கும் வேகத்தில் பிளாப் முழுவதையும் சட்டென்று ஏற்றினால் விமானம் தொப்பென்று விழும். தவ்விய பிறகு முதல்முறையாக வாழ்க்கையில் கோ-அரவுண்ட் முயன்று மூக்கைத் தூக்கி ஸ்டால் ஆனவர்கள் உண்டு. பயிற்சியில் ஒவ்வொரு வாரமும் ஒன்றாவது செய்ய வைக்க வேண்டும். நல்ல இறக்கமாக இருக்கும்போதே திடீரென்று "மேலே போ" என்று சொல்ல வேண்டும்.

ஜூலை 26

"பெரிய விமானத்துக்கு இந்தப் பிரச்சனை இல்லையே?" என்று ஒருவர் கேட்கிறார். இருக்கிறது, எண்கள்தான் பெரிசு. ஏர்பஸ் 320-க்கு நிரூபித்தது 33 நாட், வீச்சோடு 38. 2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க்கில் புயலில் இறங்க வந்த லுஃப்தான்சா ஏர்பஸ் 320-இன் இடது இறக்கை நுனி ரன்வேயில் உரசியது. விமானிகள் மேலே ஏறிப் போய், காற்றுக்கு இன்னும் நேராக இருந்த மற்றொரு ரன்வேயில் பத்திரமாக இறக்கினார்கள். விசாரணையில் வந்த ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஒரு சக்கரம் தொட்ட உடனே அந்த விமானத்தின் கணினி தரை நிலைக்கு மாறி, பக்கவாட்டுச் சாய்வைக் கட்டுப்படுத்தும் பரப்புகள் அசையும் அளவைக் குறைத்துவிட்டது. என் செஸ்னா மாணவர் கையால் செய்ததை அங்கே கணினி செய்தது.

1999 ஆகஸ்ட் 22-இல் ஹாங்காங்கில் புயல் காற்றில் இறங்கிய சீனா ஏர்லைன்ஸ் எம்.டி.11 தலைகீழாகக் கவிழ்ந்தது, மூன்று பேர் இறந்தார்கள். இந்த வருஷம் பிப்ரவரி 17-இல் டொரொன்டோவில் வீச்சுக் காற்றில் இறங்கிய டெல்டா விமானம் கவிழ்ந்ததை எல்லோரும் போனில் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்த 80 பேரும் பிழைத்தார்கள்.

ஜூலை 26, இரவு

வேறு ஒன்று ஞாபகம் வந்தது. மனிதர்கள் இந்தப் பக்கக் காற்றை ஒழிக்க எத்தனை வழி பார்த்திருக்கிறார்கள்! ஆரம்ப காலத்தில் ரன்வேயே கிடையாது, வட்டமான புல்வெளி, எந்தத் திசைக் காற்றானாலும் அதற்கு நேராக இறங்கலாம். உலகப் போர் காலத்தில் பல விமானத் தளங்களில் முக்கோணமாக மூன்று ரன்வே போட்டார்கள். அப்புறம் விமானங்கள் பெரிதாகி, ரன்வே நீளமாகி, ஒன்றே போதும் என்று ஆனது. செஸ்னா 195-க்கு அந்தக் காலத்தில் தானே திரும்பிக்கொள்ளும் சக்கரம் தனியாகக் கிடைத்தது, கோணலாகவே இறங்கலாம். பி-52 குண்டுவீச்சு விமானத்தில் பிரதான சக்கரங்கள் எல்லாவற்றையும் 20 டிகிரி வரை திருப்பி வைத்துக்கொண்டு மூக்கு ஒரு பக்கம் பார்க்க இறங்குகிறார்கள். எர்கூப் என்ற சின்ன விமானத்தில் ரட்டர் பெடலே இல்லை, கோணலாகத் தொட்டதும் தானே நேராகும்படி சக்கரக் காலை அமைத்தார்கள். அழகான யோசனைகள். ஆனால் இன்று பயிற்சிக்குக் கிடைப்பது செஸ்னாவும் பைப்பரும் டயமண்டும்தான், அவற்றுக்கு மனிதர் காலும் கையும்தான் வேண்டும்.

ஜூலை 29

திருமங்கலத்து ஐயா, "சேர்ப்பதற்கு முன் பள்ளியில் என்ன கேட்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்க மாட்டேன் என்பதிலிருந்து இந்தக் கேள்விக்கு வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். 19-ஆம் தேதி பாதியில் விட்டதை இப்போது முடிக்கிறேன்.

நம் நாட்டில் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். லட்சக் கணக்கில் செலவாகும் மணி நேரங்கள். சில பள்ளிகள் அந்த மணியைச் சீக்கிரம் நிரப்ப விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும்போது மட்டும் பறக்கவிடுகின்றன. பதினொரு மணிக்குக் காற்றுப் பை ஆட ஆரம்பித்ததும் விமானத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். தனியாகப் பறக்கும் மாணவரை நிறுத்துவது சரி. ஆனால் ஆசிரியரோடு சேர்ந்து பறக்கும் மாணவரையும் நிறுத்தினால் அவர் காற்றை எங்கே கற்பார்? 200 மணி நேரமும் அமைதியான காற்றில் பறந்தவர் லைசென்ஸோடு வெளியே வருகிறார். முதல் வீச்சை அவர் தனியாக, அல்லது பின்னால் பயணிகளை வைத்துக்கொண்டு சந்திப்பார். அது அநியாயம், பணம் கட்டிய அப்பாக்கள் கேட்க வேண்டிய அநியாயம்.

அதனால் பள்ளியைப் பார்க்கக் காலை ஏழு மணிக்குப் போகாதீர்கள், பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். ஆசிரியரோடு யாராவது பறக்கிறார்களா என்று பாருங்கள். மாணவர் தனியாகப் பறக்கப் பக்கக் காற்றுக்கு எழுத்தில் வரம்பு வைத்திருக்கிறார்களா, எத்தனை நாட், ஆசிரியரோடு பறக்கும்போது எத்தனை நாட் என்று கேளுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணை விடப் பெரிதாக இருக்க வேண்டும். பறக்க வேண்டாம் என்று ஆசிரியர் முடிவு செய்தால் அலுவலகத்திலிருந்து யாராவது அதை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கோ-அரவுண்ட் செய்த மாணவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும் முகத்திலேயே தெரிந்துவிடும். பழைய மாணவர்கள் யாராவது கிடைத்தால் கடைசியாக எவ்வளவு காற்றில் இறங்கினாய் என்று மட்டும் கேளுங்கள்.

ஜூலை 30

இறக்கை விமான உடலுக்கு மேலே இருந்தால் நல்லதா, கீழே இருந்தால் நல்லதா என்று சிலர் போடும் சண்டைக்கு நான் வரவில்லை. கீழ் இறக்கையில் நுனி தரைக்கு அருகில் இருக்கும், மேல் இறக்கையில் நிற்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் காற்று அதிகம் பிடிக்கும். இரண்டிலும் கற்றுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 2

திருமங்கலத்து ஐயாவின் மகளே எழுதியிருக்கிறாள். பாப்பா, உன் கேள்வி நல்ல கேள்வி. "நான் ஐந்தடிதான், ரட்டர் பெடலைக் கடைசிவரை மிதிக்க எட்டுமா?"

எட்ட வைக்கலாம். செஸ்னா 172-இல் சீட் முன்னும் பின்னும் நகரும், உயரமும் கூட்டலாம். முதுகுக்குப் பின்னால் கெட்டியான குஷன் ஒன்று, தேவையானால் கீழே ஒன்று. உன்னை விடக் குள்ளமானவர்கள் என்னிடம் கற்று இன்று ஏர்லைனில் பறக்கிறார்கள். எஞ்சின் போடுவதற்கு முன், விமானம் நிற்கும்போதே, ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார். குதிகாலைத் தரையில் வைத்தபடி, நுனிப்பாதத்தால் எட்டி எட்டி உதைக்காமல், இரண்டு பெடலிலும் முழங்காலில் கொஞ்சம் மடிப்பு மிச்சம் இருக்கும்படி கால் நீள வேண்டும். விமானம் நிற்கும்போது பெடல் இறுக்கமாக இருக்கும், அது மூக்குச் சக்கரத்தோடு இணைந்திருப்பதால். அதைப் பார்த்துப் பயப்படாதே. அப்படியே உட்கார்ந்து எஞ்சின் மூடிக்கு மேலே ரன்வே தெரிகிறதா என்றும் பார். தரைக்குப் பக்கத்தில் ஒதுங்குவது கண்ணுக்குத் தெரியாவிட்டால் கால் எட்டியும் பயனில்லை.

குஷனை உன் சொந்தப் பையில் வைத்துக்கொள், ஒவ்வொரு முறையும் அதே குஷன். சீட்டை முன்னால் தள்ளியதும் தாழ்ப்பாள் பள்ளத்தில் விழுந்ததா என்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து உறுதி செய்துகொள். எஞ்சின் முழுக்கக் கொடுத்த நேரத்தில் சீட் பின்னால் நழுவி விபத்தான பழைய செஸ்னாக்கள் உண்டு.